புதுக்கடை வீடுகளின் வெள்ளை விரிப்பு: டோபி, பைப், சவர்க்காரம்



பெருநாள் நெருங்கினால் புதுக்கடையில் மொட்டைமாடிகளும் பல்கனிகளும் துணியால் மூடிக்கொள்ளும். கட்டில் விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் ஒரே கிழமைக்குள் கழுவிக் காயப் போட்டாக வேண்டும். இந்த முறை வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போட்டோம்: வொஷிங் மெஷின் வர முன்னம் இதையெல்லாம் யார் கழுவினது? பாதி வகுப்பு "உம்மும்மா" என்றது. பின்வரிசைப் பிள்ளை ஒன்று "டோபி" என்றது. மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஏதோ கார்ட்டூனில் வருகிற பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது சிரிக்கிற சொல் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். கட்டிலும் மெத்தையும் அதன்மேல் வெள்ளை விரிப்பும் எல்லா வீட்டிலும் இருந்த பொருட்கள் அல்ல. பெரும்பாலான வீடுகளில் படுக்கை என்றால் பன்பாய்தான். காலையில் சுருட்டி மூலையில் சாத்துவார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் தண்ணீர் விட்டுத் தேய்த்து, வெயிலில் நிறுத்திவைப்பார்கள். அவ்வளவுதான் பராமரிப்பு. வெள்ளை விரிப்பு வசதியான வீட்டுக்கு வந்தது. மற்ற வீடுகளில் அது பெட்டிக்குள் இருந்து கல்யாணத்துக்கும், பிள்ளைப்பேற்றுக்கும், விருந்தாளி வந்தாலும் மட்டும் வெளியே வரும். அப்படி வைத்திருந்த ஒன்றிரண்டு விரிப்பைக்கூட வீட்டில் கழுவ மாட்டார்கள். டோபியிடம்தான் போகும்.

டோபியின் வேலை எவ்வளவு பழையது என்று பார்க்க நமது ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் நமது பகுதிக்கு ஹல்ஸ்டொர்ப் என்று பெயர். ஜெராட் ஹல்ஃப்ட் என்ற ஒல்லாந்துத் தளபதியின் பெயர் அது. போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைப் பிடிக்கும் முற்றுகையில், 1656 ஏப்ரலில் அவர் சுடப்பட்டு இறந்தார். அடுத்த மாதமே கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதற்கு நான்கு வருடம் கழித்து, 1660இல், திருகோணமலைப் பக்கத்தில் கரையிறங்கிய ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். இலங்கையில் துணி எப்படி வெளுத்தார்கள் என்பதற்கு நம்மிடம் இருக்கிற தெளிவான பழைய சாட்சி அந்தப் புத்தகம்தான்.

அவர் சொல்வது இது. ஏழெட்டுக் கலன் தண்ணீர் பிடிக்கும் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். சாம்பற்கார நீர் உபயோகிப்பார்கள். அழுக்குத் துணியைப் பானையின் மேலே அடுக்குவார்கள், உள்ளே போட மாட்டார்கள். கொதிக்கும் நீராவி துணிக்குள் ஏறி அழுக்கை இளக்கும். பிறகு ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடிப்பார்கள். துணி சுத்தமாகிவிடும், கிழியவும் மாட்டாது என்று வியந்து எழுதுகிறார். தமிழில் வெள்ளாவி என்று சொல்வது இதைத்தான்.

அந்தப் பகுதியிலேயே நொக்ஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். சலவைக்காரர்கள் குயவர் வரையான சாதிகளுக்கே வெளுத்துக் கொடுப்பார்கள், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இல்லை. துணி வெளுக்கிறவனும் சாதி ஏணியில் ஒரு படியில். யாருடைய துணி வெளுக்கப்படும் என்பதும் அந்த ஏணிப்படிதான். யாழ்ப்பாணத்தில் 'கீழ்ச்சாதி' என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வெளுக்கத் துரும்பர் என்று தனியாக ஒரு கூட்டத்தாரே இருந்தார்கள். சட்டம் வரும்வரை இருபதாம் நூற்றாண்டிலும் இது ஓடியது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. சட்டம் வந்த பிறகும் ஓடியது என்பது வேறு கதை.

சாம்பலில் என்ன இருக்கிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்: பொட்டாசியம் காபனேற்று. அது காரம். படுக்கை விரிப்பின் அழுக்கில் பெரும்பகுதி உடம்பு எண்ணெய், வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய். சூடான காரம் அந்த எண்ணெயைப் பிடித்துச் சவர்க்காரம்போல ஆக்கித் தண்ணீரோடு கழற்றிவிடுகிறது. உவர்மண்ணும் பூந்திக்கொட்டையும் பயன்பட்டதும் இந்த அழுக்குக்குத்தான். நீராவிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தண்ணீர் கொதிக்கிற சூட்டில் மூட்டைப்பூச்சியோ அதன் முட்டையோ பேனோ மிஞ்சாது. இன்றைய மெஷினில் பச்சைத் தண்ணீரில் கழுவும் விரிப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இதைப் பற்றிக் கடைசியில் ஒரு சொல் இருக்கிறது.

சரி, கொழும்புக்கு வருவோம். இங்கே டோபிமாரில் சிங்களவர்களும் இருந்தார்கள், இந்தியாவிலிருந்து வந்த தமிழர்களும் இருந்தார்கள். கழுவத் தண்ணீர் வேண்டும். பேர வாவிதான் பெரிய துறை. நூறு வருடத்துக்கு முந்திய தபாலட்டைப் படங்களில் வாவிக்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று துணி அடிக்கும் டோபிமாரைக் காணலாம். வெள்ளைக்காரருக்கு அது வேடிக்கைக் காட்சி, அதனால் படம் பிடித்து அட்டையாக விற்றார்கள். நமது பகுதிக்குப் பக்கத்தில் ஓடுகிற சென் செபஸ்தியன் கால்வாய் வாவியையும் களனி ஆற்றையும் இணைக்க வெட்டியது. இப்போதைய நிறத்தைப் பார்த்தால் யாரும் அதில் கால்கூட வைக்க மாட்டார்கள்.

டோபி கிழமைக்கு ஒருமுறை வருவார். தோளிலோ சைக்கிளிலோ பொட்டலம். வீட்டில் அதற்கென்று ஒரு கொப்பி இருக்கும், டோபிக் கொப்பி. விரிப்பு 4, உறை 6, சாரன் 5, மேசை விரிப்பு 1 என்று உம்மாவோ ராத்தாவோ எழுதுவார்கள். திரும்பி வரும்போது எண்ணிச் சரிபார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்று வாசலில் சத்தம் கேட்கும். நீதிமன்றங்கள் இங்கேயே இருந்ததால் சட்டத்தரணிமாரின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கொலரும் அதே பொட்டலத்தில்தான் போகும். பத்து வீட்டு வெள்ளை ஒரே பானையில் வெந்தால் எது யாருடையது?

அதற்குத்தான் குறி. சேங்கொட்டை என்று ஒரு கொட்டை இருக்கிறது. அதைக் குத்தினால் வருகிற சாற்றைத் துணி மூலையில் தொட்டு, சுண்ணாம்பு வைத்தால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. ஒரு வீட்டுக்கு ஒரு கோடு, இன்னொரு வீட்டுக்குக் கோடும் புள்ளியும், மற்றதுக்குக் கோழிக்கால் மாதிரி ஒன்று. அந்த அடையாள எழுத்துக்கள் டோபிமாருக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். முந்திரி, மாங்காய்ப் பாலில் இருக்கிற அதே குடும்பத்து நச்சு இந்தச் சாற்றிலும் உண்டு. சிலருக்குப் பட்டால் தோல் கொப்பளிக்கும். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் இப்படித் தோல் வெந்ததை அவர்களுடைய மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். காரணம் சட்டைக் குறியில் இருந்த சேங்கொட்டைச் சாறு. ஒரு துணியில் ஒரு சின்னக் குறி பட்டதற்கே அப்படி என்றால், நாள் முழுக்க அந்தக் கொட்டையைக் குத்தியவரின் விரல் எப்படி இருந்திருக்கும்? அதை யாரும் ஆராய்ந்து எழுதவில்லை என்றே நினைக்கிறோம்.

கழுவி முடிந்த வெள்ளைக்கு நீலம் போடுவார்கள். நீலத்தைச் சின்னத் துணியில் முடிந்து தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் விரிப்பை ஒரே முக்காகத் தோய்த்து எடுக்க வேண்டும். தயங்கினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பழசாகிற பருத்தி மஞ்சளிக்கும், மஞ்சளின் மேல் கொஞ்சம் நீலம் பட்டால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான் இதிலுள்ள வித்தை. அந்த நீலத்தூள் ஒரு காலத்தில் பொன் விலை, கல்லிலிருந்து அரைத்தது. பிரான்சில் கிமே என்பவர் செயற்கையாகச் செய்யும் முறையைக் கண்டுபிடித்து 1828இல் 6000 பிராங்க் பரிசு வாங்கினார். அதன் பிறகு ஓவியர்களின் நிறம் ஏழைகளின் சலவைக்கும் வந்தது. நீலத்துக்குப் பிறகு அரிசிக் கஞ்சி. பிறகு சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அந்த விரிப்பை விரிக்கும்போது ஒரு சத்தம் வரும், பப்படம் உடைகிற மாதிரி. வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

இனி நமது பக்கம். டோபி கழுவிய துணியில் தொழலாமா என்பது ஆலிம்களிடம் பல தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்த கேள்வி. யார் யாருடைய துணியோ ஒரே தண்ணீரில் கலக்கிறதே, நஜீஸ் ஒட்டாதா என்று. சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது மார்க்கச் சட்டத்தின் பெரிய விதிகளில் ஒன்று. அதன்படி, அசுத்தம் பட்டது என்று நிச்சயமாகத் தெரியாதவரை துணி சுத்தம்தான். ஆனாலும் சில வீடுகளில் வந்த விரிப்பை இன்னொரு தரம் தண்ணீரில் அலசியெடுத்தார்கள். கஞ்சியும் இஸ்திரியும் வீண். பேணுதல் என்று சொன்னார்கள். அது துணியைப் பற்றிய பேணுதலா, கழுவிய கையைப் பற்றியதா என்பதை அந்தந்த வீடு அறியும். நம் மார்க்கத்தில் சாதியில்லை. ஆனால் டோபி முன்வாசலில் நின்றே கணக்குப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வெளுத்த துணி வீட்டின் உள்ளறைக் கட்டில்வரை போகும், அவர் போக மாட்டார். ஐந்து வயதுப் பிள்ளை தாத்தா வயதுக்காரரை "டோபி, இங்க வாங்க"கூட இல்லை, "டோபி வா" என்று கூப்பிடும். அவர் அந்தப் பிள்ளையைத் "தம்பி" என்பார். இவற்றை இன்று யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் வெள்ளை விரிப்பின் கதை பாதிதான்.

டோபிக்குக் கொடுக்க வசதியில்லாத வீடுகள் எப்படிச் சமாளித்தன? இங்கேதான் தண்ணீர் வருகிறது. லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1886இல். அதுவரை கிணறுதான். குழாய் வந்தும் வீட்டுக்குள் வந்தது காசுள்ளவர்களுக்கு. தோட்டங்களில், ஒரு முற்றத்தைச் சுற்றி இருபது முப்பது குடும்பம் இருக்கிற நம்முடைய தோட்டங்களில், எல்லாருக்கும் ஒரே பைப். பகலில் அது குடிக்க, சமைக்க, ஆண்கள் குளிக்க. பெரிய விரிப்பை நனைத்துத் தேய்த்து அலச ஒரு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வாளி தண்ணீர் வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் விடுவார்களா? அதோடு திறந்த இடத்தில் நம் பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு துணி அடிப்பதும் லேசான காரியம் இல்லை. ஆகவே இஷாவுக்குப் பிறகு, அல்லது சுபஹுக்கு முன்னம். இரண்டு பெண்கள் விரிப்பின் இரண்டு நுனியைப் பிடித்து எதிரெதிராக முறுக்குவார்கள். தனியாளால் நனைந்த இரட்டைக்கட்டில் விரிப்பைப் பிழிய முடியாது. அதனால் யாருடன் பேச்சுவார்த்தை இல்லையோ அவளிடமும் அன்றிரவு மட்டும் பேச வேண்டிவரும். பல சண்டைகள் அப்படித்தான் தீர்ந்தன. பைப்படியில் தொடங்கிய சண்டைகளின் எண்ணிக்கையைச் சொல்லத் தேவையில்லை.

1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது நெருக்கமான குடியிருப்புகள்தான் அடிபட்டன. எலியின் தெள்ளுப்பூச்சி பரப்புகிற நோய் அது, தெள்ளுக்குப் பிடித்த இடம் படுக்கை. படுக்கையைச் சூரிய வெளிச்சத்தில் போடுங்கள் என்று அதற்குப் பிறகு நகரசபை சுகாதாரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். நமக்கோ அதற்கு முன்னமே படுக்கப் போகும்போது விரிப்பை உதறிவிட்டுப் படுக்கச் சொல்லிய நபிமொழி இருக்கிறது. மூத்தவர்கள் இன்றும் உதறாமல் படுக்க மாட்டார்கள்.

சவர்க்காரத்தின் கதை நமது தெருவுக்குள்ளேயே இருக்கிறது, பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. மீரானியா வீதியில் பீ.சீ.சீ. என்று சொல்கிறோமே, அது பிரிட்டிஷ் சிலோன் கோர்ப்பரேஷன். அந்த இடத்துக்கு ஹல்ஸ்டொர்ப் மில்ஸ் என்று பெயர். தேங்காய் எண்ணெயும் அதிலிருந்து சவர்க்காரமும் செய்த இடம். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், மற்ற எண்ணெய்களில் பெரும்பாலானவை அப்படி நுரைக்காது. 1938இல் லீவர் பிரதர்ஸ் இலங்கைக்கு வந்து கிராண்ட்பாஸில் தொழிற்சாலை வைத்தார்கள். சன்லைட் கட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கியது. இது சின்ன மாற்றம் இல்லை. சாம்பலும் வெள்ளாவியும் வீட்டில் செய்ய முடியாத வேலை, இடமும் விறகும் பானையும் வேண்டும். சவர்க்காரக் கட்டி ஒன்று இருந்தால் யாரும் கழுவலாம். 'யாரும்' என்றால் நடைமுறையில் யார் என்று உங்களுக்குத் தெரியும். டோபியின் தோளிலிருந்து இறங்கிய பொட்டலம் உம்மாவின் இடுப்புக்கு ஏறியது. கூலி மட்டும் அதோடு ஏறவில்லை.

துணி எங்கிருந்து வந்தது என்பதையும் இரண்டு வரியில். வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நாட்டிலேயே பெரியது. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் தலைவராக எழுந்தார். அந்த நிலத்தில் இப்போது ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கின்றன. கிழக்கில் மருதமுனைக் கைத்தறி விரிப்பு இன்றும் வருகிறது. 2004 சுனாமி அந்த ஊரைப் புரட்டிப் போட்ட பிறகும் தறி நிற்கவில்லை. முடிந்தால் ஒன்று வாங்குங்கள், பாவிக்கப் பாவிக்க மெதுவாகும். 1970களில் இறக்குமதி நின்று பிடவைக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்ற காலத்தில், கோதுமை மாச் சாக்கைப் பிரித்துக் கழுவி, நாலை ஒன்றாகத் தைத்து விரிப்பாக்கியதைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். சாக்கில் அச்சடித்த எழுத்து எத்தனை கழுவிலும் முழுதாகப் போகாது. அந்த எழுத்தின் மேல் படுத்து வளர்ந்தவர்கள் இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர்.

டோபிமார் எங்கே போனார்கள்? சவர்க்காரமும் மெஷினும் மட்டும் காரணம் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இதைத் தோட்டத் தொழிலாளரின் கதையாகவே படிக்கிறோம், பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கொழும்பில் துணி வெளுத்தவர்களும் முடிவெட்டியவர்களும் தெருக் கூட்டியவர்களும் அதே சட்டத்தின் கீழேதான் வந்தார்கள். பல தலைமுறையாக ஒரே வீதிக்கு வெளுத்த குடும்பம் ஒருநாள் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போகத்தான் வேண்டும். பெயரை மாற்றி, சாதி கேட்காத இடத்துக்குப் போனவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்பது நம் வேலையில்லை.

2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் மெஷின் வைத்திருந்தவர்களும் பேசனுக்கு முன்னால் குந்தினார்கள். அப்போதுதான் நம் இளம் ஆண்கள் சிலர் நனைந்த விரிப்பின் பாரத்தை முதன்முதலாகத் தூக்கிப் பார்த்தார்கள். தோட்டங்களை உடைத்து அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு இப்போது வேறு பிரச்சினை. நானூறு சொச்சம் சதுர அடி வீட்டில் விரிப்பை எங்கே காயப் போடுவது? தாழ்வாரத்தில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார், உள்ளே போட்டால் இரண்டு நாள் ஈரவாடை. தோட்டத்தில் தண்ணீருக்குச் சண்டை, மாடியில் வெயிலுக்குச் சண்டை.

மேலே சொல்வதாகச் சொன்ன ஒரு சொல். பச்சைத் தண்ணீர்க் கழுவல் சிரங்குப் பூச்சிக்கோ தூசிப்பூச்சிக்கோ போதாது. வீட்டில் யாருக்காவது சொறிசிரங்கு என்றால் அவர்களுடைய விரிப்பையும் உறையையும் கொதிநீரில் ஊற வைத்துக் கழுவி நல்ல வெயிலில் காயவிடுங்கள். கழுவ முடியாததைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வையுங்கள். மனிதத் தோல் கிடைக்காவிட்டால் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஒரு பிள்ளைக்கு வந்தால் வகுப்புக்கே வருகிறது, அதனால்தான் சொல்கிறோம்.

இனி உங்களிடம் ஒரு வேலை. உம்மும்மாவின் பெட்டி, அலுமாரியின் மேல்தட்டு, கல்யாணச் சாமான் மூட்டை இவற்றில் பழைய வெள்ளை விரிப்போ தலையணை உறையோ இருந்தால் மூலையை விரித்துப் பாருங்கள். கறுப்பாகக் கோடு, புள்ளி, கோழிக்கால் ஏதாவது இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள், எந்த வீதி என்றும் எழுதுங்கள். டோபிக் கொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டுக்கு வெளுத்தவரின் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்றும் மூத்தவர்களிடம் கேளுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம், அவருடைய பிள்ளைகள் விரும்புவார்களோ தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.